தென்னாப்பிரிக்க ஊர்களில் பல்கலைக்கழக நோய் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் நோய் என்றதும் நம் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் சாவு எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது வருவதில்லை. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி மையங்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், எனக்கே முதலில் எழுந்த சந்தேகங்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த மையங்கள் மருத்துவமனையா, ஆய்வகமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் இவற்றின் அடிப்படை வேலை வேறு. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, வருஷா வருஷம் அதே வீடுகளுக்குப் போவார்கள். யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் வேலை தேடி வெளியூர் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். இந்தப் பதிவேடு இருபது, முப்பது வருஷம் தொடரும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். புது மருந்தோ புதுத் திட்டமோ வந்தால் அது ஊரை உண்மையில் மாற்றியதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

எந்தெந்த மையங்கள்?

நான் அதிகம் பேசப்போவது மூன்றைப் பற்றி.

முதலாவது அஜின்கோர்ட். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் 1992-ல் தொடங்கியது. குரூகர் வனவிலங்குப் பூங்காவை ஒட்டிய புஷ்பக்ரிட்ஜ் பகுதி. இன்று 30-க்கு மேற்பட்ட ஊர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் அதன் பதிவேட்டில் இருக்கிறார்கள். மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் குடும்பங்கள் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாவது, குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே, ம்டுபடுபா நகரத்துக்குப் பக்கத்தில் சோம்கேலே என்ற இடத்தில் 2000-லிருந்து வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தும் மையம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கா மையமாக இருந்தது, 2016-ல் டர்பனில் இருந்த காசநோய், எச்.ஐ.வி. ஆய்வகத்தோடு இணைந்து ஆப்பிரிக்கா சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஆனது.

மூன்றாவது காப்ரிசா. டர்பனில் 2002-ல் தொடங்கப்பட்ட எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம். சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் என்ற தம்பதி நடத்துவது.

கென்யாவின் கிலிஃபி, கானாவின் நவ்ராங்கோ, காம்பியாவின் கெனேபா என்று இதுபோன்ற இடங்கள் கண்டம் முழுக்க உண்டு. அவற்றை இங்கே எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அப்படி என்னதான் கேட்பார்கள்?

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி, படிப்பு, வேலை, அரசு உதவித்தொகை. இதில் மனதை அழுத்துவது இறப்பைப் பற்றிய விசாரணை. இந்த ஊர்களில் பலர் வீட்டிலேயே இறந்துபோவார்கள், காரணம் எழுதிய சான்றிதழ் இருக்காது. இருந்தாலும் பல நேரம் அது உண்மையான காரணமாக இருக்காது. அதனால் துக்கம் சற்று ஆறியதும், பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவர் போய், கடைசி நாட்களில் உடனிருந்தவரிடம் உட்கார்ந்து பேசுவார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, இருமல் உண்டா, எடை குறைந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா, அடிபட்டதா? அந்தப் பதில்களை மருத்துவர்கள் படித்து (இப்போது கணினியும் துணை செய்கிறது) இறப்புக்கான காரணம் இன்னதாக இருக்கும் என்று முடிவு செய்வார்கள்.

கேட்பவர் அதே மொழி பேசுகிற, பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் உட்காருவதற்கு முறை தெரிய வேண்டும். அந்த முறை தெரிந்தவர்கள் ஊருக்குள்தான் இருக்கிறார்கள்.

அஜின்கோர்ட் பதிவேட்டில் இப்படித்தான் ஒரு கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் பிழைக்கப் போனவர்கள் நோய் முற்றியதும், சாவதற்காகவே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நகரத்து மருத்துவமனைக் கணக்கில் அவர்கள் இல்லை. பார்த்துக்கொண்டது ஊரில் இருந்த அம்மாவும் பாட்டியும். வீட்டுக்கு வீடு போனதால்தான் அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்று கணக்கில் ஏறியது.

வெறும் கணக்கெடுத்து யாருக்கு என்ன பயன்?

நியாயமான கேள்வி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணமா என்றே கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். மருந்து கொடுப்பது தள்ளிப்போனது. அந்த நேரத்தில் ஊர்ப் பதிவேடுகள், இளம் வயதினரின் சாவு ஏறிக்கொண்டே போவதை வருஷத்துக்கு வருஷம் காட்டின. "கருத்து வேறுபாடு" என்று ஒதுக்க முடியாத சாட்சி அது.

2004-ல் அரசு மருத்துவமனைகளில், எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து கிடைக்கத் தொடங்கியது. சோம்கேலே பகுதியில் பெரியவர்களின் சராசரி ஆயுட்காலம் 2003-ல் 49.2 வயது. 2011-ல் 60.5. எட்டு வருஷத்தில் பதினோரு வயது கூடியிருக்கிறது. ஒரு சமுதாயத்தின் ஆயுள் இவ்வளவு வேகமாக ஏறியதைப் பதிவு செய்தது அபூர்வம். அதே பதிவேட்டை வைத்து 2013-ல் இன்னொன்றும் காட்டினார்கள்: எச்.ஐ.வி. உள்ளவர்களில் 30 முதல் 40 சதவீதம் பேர் மருந்து சாப்பிடும் பகுதியில் இருக்கும் ஒருவருக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே மருந்து சாப்பிடும் பகுதியில் இருப்பவரைவிட, புதிதாக நோய் தொற்றும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் விழுங்கும் மாத்திரை நம்மையும் காப்பாற்றுகிறது என்று பொருள். மருந்துக்குச் செலவிடும் பணம் வீண் என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்ததா?

இல்லை. குவாசுலு-நட்டாலிலேயே 1940-ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி போலேலா என்ற ஏழை கிராமப்புறத்தில் ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். காய்கறித் தோட்டம், குழந்தைகளின் எடை, கழிப்பறை, மகப்பேறு என்று எல்லாம் ஒரே கணக்கில். ஊரின் நோயைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வைத்தியம் என்ற அணுகுமுறைக்கு உலகம் இன்றும் போலேலாவைத்தான் தொடக்கமாகச் சொல்கிறது.

சிட்னி கார்க் 1949-ல் எழுதிய ஒரு கட்டுரையை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கும். கறுப்பின ஆண்களைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து சுரங்கத்துக்கு இழுக்கும் வேலைமுறைதான் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைப் பரப்புகிறது என்று அதில் விளக்கியிருந்தார். நாற்பது வருஷம் கழித்து எச்.ஐ.வி. வந்தபோது அதே வழியில்தான் பரவியது. இனஒதுக்கல் அரசுக்கு இந்த மாதிரி ஆராய்ச்சி பிடிக்கவில்லை, ஆதரவை நிறுத்தியது. கார்க் தம்பதி 1950-களின் கடைசியில் நாட்டைவிட்டே போனார்கள்.

டர்பனில் 1951-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கானது. கறுப்பின மாணவர்களோடு, 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகக் கொண்டுவரப்பட்ட தமிழர், தெலுங்கர் முதலான இந்தியர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே மருத்துவர் ஆனார்கள். இன்று அது நெல்சன் மண்டேலா பெயரில் இருக்கிறது. காப்ரிசா அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் இயங்குகிறது.

ஆராய்ச்சியால் வைத்திய முறையே மாறியதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

தாய்ப்பால். எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் இதுதான்.

எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்று தெரிந்ததும், பணக்கார நாடுகளில் "பால் கொடுக்காதீர்கள், புட்டிப்பால் கொடுங்கள்" என்றார்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத ஊரில் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விடும். அதோடு, பால் கொடுக்காத தாயைப் பார்த்து ஊரே புரிந்துகொள்ளும், அவமானம் வேறு. பிறகு எந்தத் தாய்தான் வெளியே சொல்லுவாள்? கொஞ்சம் தாய்ப்பால், கொஞ்சம் புட்டிப்பால், கொஞ்சம் கஞ்சி என்று கலந்துதான் நடந்தது.

டர்பன் மருத்துவக் கல்லூரியின் குழந்தைநலப் பேராசிரியர் ஹூசேன் கூவாடியாவும் அன்னா கூட்சூடிஸும் 1999-லேயே இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். ஆப்பிரிக்கா மையத்தின் ஊர்களில் பெரிய அளவில் தொடர்ந்து பார்த்து, 2007-ல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்தால் ஆறாவது வாரத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையே தொற்றும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம்தான். தாய்ப்பாலோடு திட உணவும் கொடுத்த குழந்தைகளுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ பதினோரு மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது தாய்க்கு ஏ.ஆர்.டி. கொடுத்துக்கொண்டே பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இதற்குத் தேவைப்பட்டது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு அடிக்கடி போய், "இந்த வாரம் குழந்தைக்கு வேறு என்ன கொடுத்தீர்கள்?" என்று குற்றம் சொல்லாமல் கேட்கத் தெரிந்த பெண்கள் தேவைப்பட்டார்கள்.

எச்.ஐ.வி. அங்கே இளம்பெண்களை ஏன் அதிகம் தாக்குகிறது?

குவாரைஷா அப்துல் கரீம் 1990-களின் தொடக்கத்திலேயே தம் ஆய்வில் கண்டது இது: பதின்வயதுப் பெண்களுக்குத் தொற்று இருக்கிறது, அதே வயது ஆண்களுக்கு மிகக் குறைவு. அப்படியென்றால் அந்தப் பெண்களுக்கு நோய் எங்கிருந்து வருகிறது? குவாசுலு-நட்டாலின் வுலிண்ட்லேலா பகுதியில் பல வருஷம் கழித்துக் கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது பதில் உறுதியானது. 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தங்களைவிடச் சராசரியாக எட்டு, ஒன்பது வயது மூத்த ஆண்களிடமிருந்து தொற்றுகிறது. அந்த ஆண்களுக்கோ அவர்கள் வயதை ஒத்த பெண்களிடமிருந்து. இன்றைய இளம்பெண் வளர்ந்து அந்த வயதுக்கு வரும்போது சக்கரம் மறுபடி சுற்றும்.

ஆணிடம் "ஆணுறை போடு" என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும் பெண், தானே ரகசியமாகப் பயன்படுத்திக்கொள்ள ஏதாவது வேண்டும். காப்ரிசா 889 பெண்களிடம், பெண்ணுறுப்பில் பூசிக்கொள்ளும், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல்லைச் சோதித்து, 2010-ல் முடிவை அறிவித்தது. தொற்று 39 சதவீதம் குறைந்திருந்தது. வியன்னாவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அப்புறம் 2015-ல், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய பெரிய சோதனையில் அதே ஜெல் பலனளிக்கவில்லை. மருந்து கெட்டுப்போகவில்லை. பங்கேற்ற பெண்களில் பலர் இளையவர்கள், பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் உறவுக்கு முன்னும் பின்னும் அதைப் பூசிக்கொள்ள அவர்களால் முடியவில்லை. தனி அறைகூட இல்லாத வீட்டில் அந்தக் குழாயை எங்கே ஒளித்து வைப்பது?

அந்தத் தோல்வியிலிருந்துதான் தினமும் நினைவு வைக்கத் தேவையில்லாத மருந்துகளின் பக்கம் முழுக் கவனமும் போனது என்று நான் நினைக்கிறேன். பெண்ணுறுப்புக்குள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றும் மருந்து வளையம் வந்தது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபாவிர் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் நடந்த சோதனையில் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் லிண்டா-கெயில் பெக்கர் 2024 ஜூலையில் மியூனிக்கில் இந்த முடிவை வாசித்தார்.

காசநோய் விஷயத்தில் என்ன கண்டுபிடித்தார்கள்?

டுகேலா ஃபெரி என்ற மலைப்பகுதிச் சிற்றூர். 2005–06-ல் அங்கே 53 பேருக்கு, கைவசம் இருந்த எந்த முக்கிய மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் இருப்பது தெரிந்தது. 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப்பேர் 16 நாளுக்குள். எடுத்த சளியின் முடிவு வருவதற்கு முன்பே பலர் போய்விட்டார்கள்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வினை என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். பழியை நோயாளி மேல் போடுவது எளிது. குவாசுலு-நட்டாலில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு 404 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் 69 சதவீதம் பேருக்கு அந்தக் கொடிய கிருமி நேரடியாகவே இன்னொருவரிடமிருந்து தொற்றியிருந்தது. வீட்டில், வேலையிடத்தில், மருத்துவமனை வார்டில். இது தெரிந்த பிறகு காற்றோட்டம், ஜன்னல், காத்திருப்புக் கூடத்தின் நெரிசல் ஆகியவை மருந்துக்குச் சமமான விஷயங்கள் ஆயின.

எல்லா ஆய்வும் வெற்றிதானா?

இல்லை. சோம்கேலே பகுதியில் 2012 முதல் 2016 வரை 22 ஊர்த்தொகுதிகளில் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து, தொற்று இருப்பவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தால் புதுத் தொற்று குறையுமா என்று பார்த்தார்கள். குறையவில்லை. பரிசோதனைக்குச் சம்மதித்தவர்களில் பலர் மருந்தகத்துக்கு வரவில்லை, குறிப்பாக ஆண்கள்.

அஜின்கோர்ட்டில், மாணவிகள் பள்ளிக்குப் போனால் மாதாமாதம் பணம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2,500-க்கு மேற்பட்ட பெண்கள். பணம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் எச்.ஐ.வி.யில் வித்தியாசமே இல்லை. ஏனென்றால் இரண்டு தரப்பும் ஏற்கெனவே ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது அதே ஆய்வில் தெரிந்தது. பலிக்காததையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் நான் இவர்கள் சொல்லும் மற்ற எண்களையும் நம்புகிறேன்.

ஏழைகளைச் சோதனை எலிகளாக ஆக்குவதுதானே இது?

அந்தச் சந்தேகம் ஆப்பிரிக்க மக்களுக்கு வருவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொன்னதில்லை. அதனால் கேள்வியை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. சம்மதம் அவர்கள் மொழியில், புரியும்படி கேட்கப்படுகிறதா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்களா? முடிவு ஊருக்குத் திரும்பி வருகிறதா? பலித்த மருந்து அதே ஊருக்குக் கிடைக்கிறதா?

முதல் மூன்றுக்கும் இன்று ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக அறநெறிக் குழு தனி, ஊர்க்காரர்களின் ஆலோசனைக் குழு தனி. ஊர்த்தலைவரிடம் பேசாமல் ஒரு வீட்டுக்குள்ளும் போக மாட்டார்கள், அதே சமயம் தலைவர் சரி என்றாலும் வீட்டுக்காரர் மறுக்கலாம். ஆண்டுதோறும் கூட்டம் போட்டு, கண்டதை ஊர் மொழியில் சொல்கிறார்கள்.

நான்காவதுதான் உண்மையான சிக்கல். லெனாகாபாவிர் ஊசிக்கு அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல் விலை. சோதனைக்குத் தங்கள் உடலைத் தந்த பெண்களின் ஊரில் அதை யார் வாங்க முடியும்? ஏழை நாடுகளுக்காக மலிவு விலையில் தயாரிக்க, ஊசியின் உரிமையாளரான கிலியட் நிறுவனம் ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2025 செப்டம்பரில், ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ நிறுவனங்கள் 2027-லிருந்து வருஷத்துக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக அறிவிப்பு வந்தது. அந்த ஒப்பந்தங்களில் ஒன்றில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மையமும் பங்காளி. சோதனை முடிந்ததும் கையைக் கழுவாமல் விலை வரைக்கும் போராடுவது ஆராய்ச்சியாளர் கடமை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒன்று சொல்லலாம். ஏ.ஆர்.டி. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011-ல் நிரூபித்த சோதனையில் ஒன்பது நாடுகளின் 1,763 தம்பதிகள் பங்கேற்றார்கள். ஜோகன்னஸ்பர்க், சொவெட்டோவைப் போலவே சென்னையும் அதில் ஒரு மையம்.

பணம் எங்கிருந்து வருகிறது? இப்போது நிலைமை என்ன?

தென்னாப்பிரிக்க அரசு, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, 2025 வரை பெரிய அளவில் அமெரிக்க அரசு. 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த உதவியை திடீரென்று நிறுத்தியது. நடந்துகொண்டிருந்த சோதனைகள் பாதியில் நின்றன. டர்பனில் புதுவகை வளையம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த பெண்களின் உடலுக்குள் அப்போது வளையம் இருந்தது. வேலையை நிறுத்து என்று உத்தரவு. அவர்களை அப்படியே விட முடியாது என்று ஆராய்ச்சியாளர்கள் கூப்பிட்டு எடுத்துவிட்டார்கள்.

வருஷக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பழகிய களப்பணியாளர்களுக்கு வேலை போவதுதான் எனக்குப் பெரிய கவலை. கட்டடத்தை மறுபடி கட்டிவிடலாம். கதவைத் தட்டினால் "வா, உட்கார்" என்று சொல்லும் பழக்கம் மறுபடி வர இருபது வருஷம் ஆகும்.

எச்.ஐ.வி.க்கு அப்புறம் என்ன?

சோம்கேலே மையம் 2018-ல் 'வுகுசாசி' என்ற முகாமைத் தொடங்கியது. "எழுந்திரு, உன்னை அறிந்துகொள்" என்ற பொருள் தரும் சுலு மொழிச் சொல். நடமாடும் முகாமில் 17,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி., காசநோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நான்கையும் ஒரே நாளில் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒன்று இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக மருந்தில் இருந்தார்கள். சர்க்கரையிலோ நிலைமை நேரெதிர், கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெகு சிலர். எய்ட்ஸிலிருந்து பிழைத்து ஐம்பது, அறுபது வயதைத் தொட்டவர்களை இப்போது பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் பிடிக்கின்றன. எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரும் அதே வரிசையிலேயே ரத்த அழுத்தமும் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் கோரிக்கை.

இன்னொன்றும் அந்த முகாமில் தெரிந்தது. காசநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இருமல், காய்ச்சல், எடைக்குறைவு எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் நிழல் விழுந்ததால் சளியைச் சோதித்தார்கள், கிருமி இருந்தது. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் வாருங்கள்" என்று சுவரில் எழுதி வைத்தால் இவர்களில் யாரும் வந்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ரே வண்டி அவர்கள் வீட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது.